கடைசி இதழ் வரை வாயை மூடிக்கொண்டு இருக்கணுமாம்!

‘சீக்ரெட் எம்பயர்’ என்ற மார்வல் காமிக்ஸ் தொகுப்பை நண்பர் ஒருவர் இரண்டே நாளில் படித்து முடித்தார். என்னைப் போலவே பென்ஷன்காரர். “இதுக்குப் போயா சார் அமெரிக்காவுல அந்தக் குதி குதிச்சாங்க? கடைசில எல்லாம் சரியாத்தானே முடியுது!” என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும். காமிக்ஸ் என்றாலே ஒவ்வாமை உள்ளவர்கள் அடுத்த வாரம் வரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2016 மே 25 அன்று ‘கேப்டன் அமெரிக்கா: ஸ்டீவ் ராஜர்ஸ்’ என்ற புதிய வரிசையின் முதல் இதழ் கடைக்கு வந்தது. எழுதியவர் நிக் ஸ்பென்ஸர். கேப்டன் அமெரிக்கா பிறந்து 75 வருடம் ஆனதை மார்வல் கொண்டாடிக்கொண்டிருந்த வருடம் அது. தியேட்டர்களில் ‘சிவில் வார்’ படம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. இதழின் முடிவில் நம் கேப்டன், கூட வந்த இன்னொரு ஹீரோவைப் பறக்கிற விமானத்திலிருந்து கீழே தள்ளிவிட்டு, ஹைட்ராவுக்கு ஜே போடுகிறார். அதோடு ‘தொடரும்’.

ஹைட்ரா என்பது மார்வல் கதைகளில் வரும் வில்லன் கூட்டம். உலகத்தையே தன் காலடியில் வைக்க நினைக்கும் கூட்டம். படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கும் தெரியும், ஹிட்லரின் நிழலில் வளர்ந்தது அது. காந்தியவாதி என்று ஊரெல்லாம் கும்பிடும் ஒருவர் திடீரென்று கோட்சேவுக்கு மாலை போட்டால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி அதிர்ச்சி. ஒரே நாளில் அமெரிக்கா முழுக்க ரகளை. சினிமாவில் கேப்டனாக நடித்த கிறிஸ் எவன்ஸே ‘ஹைட்ராவா?’ என்று ட்விட்டரில் அங்கலாய்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் காரணம் சொன்னார்கள். காஸ்மிக் கியூப் என்று ஒரு வஸ்து, நினைத்ததை நடத்திவைக்கும் கட்டி. அது கோபிக் என்ற சிறுமியின் உருவத்தில் திரிகிறது. ரெட் ஸ்கல் என்ற பரம வில்லன் அந்தக் குழந்தையின் மனசைக் கலைத்து, ஸ்டீவ் ராஜர்ஸின் பிறந்த காலம் தொட்டே அவருடைய வாழ்க்கையை மாற்றி எழுத வைத்துவிட்டான். ஆக, இப்போது நிற்பவர் சிறுவயதிலிருந்தே ஹைட்ராக்காரர். இந்தக் கதை ஒரு வருடம் உள்ளுக்குள்ளே புகைந்து, 2017 ஏப்ரலில் ‘சீக்ரெட் எம்பயர்’ என்ற பெரிய கிராஸ்ஓவராக வெடித்து, ஆகஸ்ட் கடைசியில் முடிந்தது. கேப்டன் நாட்டைக் கைப்பற்றுகிறார். மன்ஹாட்டனை இருட்டுக் கூண்டுக்குள் அடைக்கிறார். லாஸ் வேகாஸ் நகரம் தரைமட்டமாகிறது. பிளாக் விடோ சாகிறாள். கடைசியில் நல்ல கேப்டன் வந்து கெட்ட கேப்டனை அடித்து வீழ்த்துகிறார். சுபம்.

கிராஸ்ஓவர் என்றால் தெரியாதவர்களுக்காக: ஒரு பதிப்பகத்தின் எல்லா ஹீரோக்களும் ஒரே கதையில் கூடுவது. கூடுவது மட்டும் என்றால் பரவாயில்லை. கதை அவரவர் சொந்த வரிசைக்குள்ளும் புகுந்துவிடும். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் வரிசையை மட்டும் வாங்கிக்கொண்டு சிவனே என்று இருந்தவர் வீட்டுக்குள்ளும் அந்த வருடம் ஹைட்ரா வந்தது. டெட்பூல் வாசகருக்கும் அதே கதி. ஊரில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால், பந்தியில் உட்காராதவரும் மொய் எழுதித்தான் ஆக வேண்டும் என்பது போல.

இனி என் கட்சிக்கு வருகிறேன். ரசிகர்கள் கோபப்பட்டது சரி. அவர்களைப் பார்த்து “கதை முடியட்டும், அதுவரை பொறுங்கள்” என்று சொன்னது தவறு. தவறு என்பதைவிட, ஏமாற்று.

பொறுங்கள் என்று அந்தப் பதிப்பகமே சொன்னது. 2017 மே மாதம், கூச்சல் உச்சத்தில் இருந்தபோது, உங்கள் கவலை எங்களுக்குக் கேட்கிறது, கதை விரியும்வரை முடிவுக்கு வராதீர்கள் என்ற பொருளில் ஓர் அறிக்கையே விட்டார்கள். பத்திரிகைகளில் எழுதிய பலரும் இதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். பாதிக் கதையை வைத்துத் தீர்ப்பு சொல்கிற அவசரக் குடுக்கைகள், சின்னப் பிள்ளைகள், காமிக்ஸில் செத்தவன் திரும்பி வருவான் என்பதுகூடத் தெரியாதவர்கள் என்றெல்லாம்.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான். ஆகவே கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். ‘ஸ்டீவ் ராஜர்ஸ்’ வரிசை 19 இதழ்கள் வந்தது. ‘சீக்ரெட் எம்பயர்’ பூஜ்யம் என்று நம்பர் போட்ட இதழிலிருந்து 10 வரை 11 இதழ்கள். மொத்தம் 30. ஓர் இதழின் விலை குறைந்தது 4 டாலர், சிலது 5. அதாவது முதுகெலும்புக் கதையை மட்டும் படித்தவன் 15 மாதத்தில் 120 டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறான். கிளைக் கதைகளையும் வாங்கியிருந்தால் எங்கேயோ போய்விடும். ஒவ்வொரு இதழும் இருபது, முப்பது பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு.

முழுக்கதையைப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்றால் முழுக்கதையாகத்தானே விற்றிருக்க வேண்டும்? துண்டு துண்டாக விற்பேன், ஒவ்வொரு துண்டின் முடிவிலும் உன் வயிற்றில் புளியைக் கரைப்பேன், கரைத்தால்தான் அடுத்த துண்டுக்கு நீ வருவாய், ஆனால் கரைத்தபோது கத்தக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? ஓட்டலில் சாம்பார் ஊசிப்போயிருக்கிறது என்று சொன்னால், “பாயசம் வரட்டும் சார், அப்புறம் சொல்லுங்க” என்பார்களா?

வார இதழில் தொடர்கதை படித்து வளர்ந்த தலைமுறை நாம். அடுத்த வாரம்வரை காத்திருந்த அந்த ஏழு நாளும் கதையின் ஒரு பாகம்தான் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அந்த நாட்களில் நாம் என்ன நினைத்தோம், யாரோடு சண்டை போட்டோம், எல்லாமே படிப்பில் சேர்த்தி. என் நண்பர் ஒரு சனி, ஒரு ஞாயிறு சோபாவில் சாய்ந்துகொண்டு படித்தார். முடிவு இன்னும் எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்பது அவர் கட்டைவிரலுக்கே தெரியும். 2016-ல் படித்தவனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் கையில் இருந்தது ஓர் இதழும் ஒரு ‘தொடரும்’ம் மட்டுமே. அவன் படித்தது வேறு கதை என்றே சொல்வேன்.

சரி, பொறுத்தவர்களுக்காவது நியாயம் கிடைத்ததா என்று பார்ப்போம். சுத்தியல் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோர் என்ற ஹீரோவின் சுத்தியலைத் தகுதி உள்ளவர் மட்டுமே தூக்க முடியும். மார்வல் கதைகளில் அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடையாது. வருடாவருடம் மே மாதம் முதல் சனிக்கிழமை அமெரிக்கக் கடைகளில் இலவச காமிக்ஸ் நாள் என்று ஒன்று நடக்கும். குழந்தைகள், காமிக்ஸ் படித்தே அறியாதவர்கள், எல்லாரும் வந்து சும்மா வாங்கிப் போகலாம். 2017-ல் அப்படி இலவசமாகக் கொடுத்த இதழில் என்ன படம் தெரியுமா? ஹைட்ரா கேப்டன் அந்தச் சுத்தியலைக் கையில் பிடித்துத் தூக்கி நிற்கிறார். பாசிசக்காரனுக்குத் தகுதிச் சான்று!

ஏன், எப்படி என்று ஒரு வரி கிடையாது. விளக்கம் பத்தாவது இதழில், ஏறக்குறைய நாலு மாதம் கழித்து வந்தது: கியூபை வைத்துச் சுத்தியலின் விதியையே முன்கூட்டித் திருத்தி வைத்திருந்தார்களாம். விளக்கம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தை லட்சக்கணக்கில் சும்மா கொடுத்தீர்கள். விளக்கத்தைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னீர்கள். இலவச இதழை வாங்கிப்போன சிறுவன் எத்தனை பேர் ஆகஸ்டில் வந்து பத்தாவது இதழை வாங்கியிருப்பான்? அவன் மனசில் நின்றது படம் மட்டும்தான்.

இதைவிட மோசம் ‘இவர்தான் அசல்’ என்ற பேச்சு. ஆரம்பத்திலேயே ரசிகர்கள் ஒரு சந்தேகம் கிளப்பினார்கள். இது போலி கேப்டனாக இருக்கும், இல்லை யாரோ மனசைக் கட்டிப்போட்டிருப்பார்கள் என்று. எழுதியவரும் ஆசிரியர் தரப்பும் பத்திரிகைப் பேட்டிகளில் அடித்துச் சொன்னார்கள்: நகலும் இல்லை, வேஷமும் இல்லை, மனவசியமும் இல்லை, இவர்தான் உண்மையான ஸ்டீவ். சொன்னவர்களை நம்பினால் கோபம் வராதா? நம்பியதால்தான் வந்தது.

கடைசியில் என்ன காட்டினார்கள்? கியூபுக்குள் பழைய ஸ்டீவின் நினைவு உயிரோடு இருந்தது, கோபிக் அவரை வெளியே கொண்டுவந்தாள், இரண்டு ஸ்டீவும் நேருக்கு நேர் மோதினார்கள், நல்லவர் ஜெயித்தார். ஐயா, இதற்கு நம் ஊரில் டபுள் ஆக்டிங் என்று பெயர். நம் சினிமாவில் இருவரில் ஒருவருக்குக் கன்னத்தில் மச்சமாவது வைப்பார்கள். இங்கே அதுகூட இல்லை, உடுப்புதான் வேறு. போலி இல்லை என்று 15 மாதம் சத்தியம் செய்துவிட்டு இரட்டை வேடத்தில் முடித்தால், பொறுத்தவனும் முட்டாள், கத்தியவனும் முட்டாள். ஆனால் கத்தியவன் குறைந்தபட்சம் தன் காசைச் சீக்கிரம் நிறுத்திக்கொண்டான்.

“கதைதானே சார்” என்பார்கள். இந்தப் பாத்திரம் யார் கையில் பிறந்தது என்பதைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லட்டும். ஜோ சைமன், ஜாக் கிர்பி. இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கிர்பியின் பிறந்த பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பர்க், நியூயார்க்கின் ஏழைப் பகுதியான லோயர் ஈஸ்ட் சைடில் வளர்ந்தவர். 1941 மார்ச் என்று தேதியிட்டு 1940 டிசம்பரிலேயே கடைக்கு வந்த முதல் இதழின் அட்டையில் கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து விடுகிறார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவே இல்லை. பேர்ல் ஹார்பர் நடக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. நமக்கு எதற்கு ஐரோப்பாச் சண்டை என்று சொல்லும் பெரிய கூட்டம் அங்கே இருந்தது. ஹிட்லருக்கு ஜே போடும் ‘பண்ட்’ என்ற அமைப்பு நியூயார்க்கிலேயே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. படம் வந்ததும் இருவருக்கும் மிரட்டல் கடிதம், மிரட்டல் தொலைபேசி. மேயர் லா கார்டியா போன் செய்து தைரியம் சொன்னார், போலீஸ் காவல் வந்தது என்று சைமன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

கிர்பி பிறகு காலாட்படையில் சேர்ந்து 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் இறங்கினார். பிரான்ஸின் குளிரில் கால் விறைத்துப் புண்ணாகி, கால்களையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலைவரை போனவர். அட்டையில் போட்ட குத்துக்குத் தன் உடம்பாலும் விலை கொடுத்தவர் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த மனிதர்களின் பாத்திரத்தை எடுத்து, பிறந்ததிலிருந்தே ஹைட்ரா என்று எழுதினால் யூத வாசகர்களுக்கு வலித்தது. அவர்கள் அதைச் சொன்னார்கள். கிடைத்த பதில், “ஹைட்ரா வேறு, நாஜி வேறு”. அப்படியா? ஹைட்ராவின் தலைவனாக வரும் ஸ்ட்ரக்கர் நாஜிப் படைக்காரன். ரெட் ஸ்கல் ஹிட்லரே கைபிடித்து வளர்த்த ஆள் என்பது 1965-லிருந்து கதை. போதாதற்கு, இந்த ‘சீக்ரெட் எம்பயர்’ கதையிலேயே, இரண்டாம் உலகப் போரில் உண்மையில் ஜெயிக்க வேண்டியது ஹிட்லர் தரப்புத்தான், தோற்கப்போன நேசநாடுகள் கியூபைக் கொண்டு வரலாற்றை மாற்றிவிட்டன என்றுதான் அந்தக் கேப்டன் நம்புகிறார். பிறகு என்ன ‘வேறு, வேறு’?

ஸ்பென்ஸர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் நாஜி அனுதாபி என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். அதே காலத்தில் சாம் வில்சன் என்ற கறுப்பின கேப்டன் அமெரிக்காவின் வரிசையையும் அவர்தான் எழுதினார். 2015-ல் அதன் முதல் இதழில், எல்லையில் வந்தேறிகளைத் துரத்தும் ஆயுதக் கும்பலைக் கேப்டன் எதிர்த்தார் என்பதற்காக வலதுசாரி டி.வி. சேனல் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டது. ஆக, இரண்டு பக்கமும் அடி வாங்கியவர். நாடு மெல்ல மெல்ல சர்வாதிகாரத்துக்குப் பழகுவதைக் காட்டி எச்சரிப்பதுதான் அவர் நோக்கம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

நோக்கம் சரி, கதை அதைச் செய்ததா? நல்ல மனிதன் ஏன் அந்தப் பக்கம் போகிறான்? பயத்தில் போகலாம், பதவி ஆசையில் போகலாம், அண்டை வீட்டுக்காரன் மேல் உள்ள பொறாமையில் போகலாம், பழைய அவமானத்தை மறக்க முடியாமல் போகலாம். எழுத எவ்வளவு இருக்கிறது! இவர்களோ ஒரு மந்திரக் கட்டியைக் காரணமாக வைத்தார்கள். கட்டியால் வந்தது, கட்டியால் போனது. ஒரு மனிதனும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் எச்சரிக்கை யாருக்கு? அந்தத் தொடர் வந்துகொண்டிருந்த ஆகஸ்ட் 12-ம் தேதிதான், வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் நாஜிக் கொடி பிடித்தவர்களின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன், எதிர்த்து நின்றவர்கள்மேல் காரை ஏற்றி ஒரு பெண்ணைக் கொன்றான். அவன் வாழ்க்கையை எந்தக் கியூபும் மாற்றி எழுதவில்லை.

அடுத்து, அந்த டி-ஷர்ட் சமாசாரம். கிராஸ்ஓவர் வெளியாகும்போது கடைக்காரர்கள் போட்டுக்கொள்ள ஹைட்ரா சின்னம் பொறித்த டி-ஷர்ட், கடையின் அடையாளப் படத்தையே ஹைட்ராவாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு எல்லாம் பதிப்பகம் செய்தது. விளம்பரம்தானே, விளையாட்டுத்தானே என்று நினைத்திருப்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவருக்கு அது விளையாட்டில்லை. யூதக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், யூத வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். முடியாது என்று மறுத்த கடைகளும் உண்டு.

அமெரிக்க காமிக்ஸ் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் உறுத்தும். அங்கே காமிக்ஸ் பெரும்பாலும் தனிக் கடைகளில்தான் விற்கிறது. எத்தனை பிரதி வேண்டும் என்று கடைக்காரர் வாரக்கணக்கில் முன்பே சொல்லிவிட வேண்டும். வந்ததை விற்க முடியாவிட்டால் பொதுவாகத் திருப்பி அனுப்ப முடியாது. நம் ஊர்ப் பத்திரிகை ஏஜெண்ட் மிச்சப் பிரதியைக் கட்டித் திருப்பி அனுப்புவாரே, அந்தக் கதை அங்கே இல்லை. பதிப்பகத்தைப் பொறுத்தவரை கடைக்காரர் வாங்கிய அன்றே சரக்கு விற்றாயிற்று. கோபித்துக்கொண்டு வாசகன் வராவிட்டால், அலமாரியில் தூங்கும் கட்டு சின்னக் கடைக்காரரின் நஷ்டம். இதனால்தான் “பிடிக்கவில்லை என்றால் வாங்காதே” என்று பெரிய கம்பெனி தாராளமாகச் சொல்ல முடிகிறது. அடி முதலில் விழப்போவது அவர்கள்மேல் இல்லை.

ரசிகர்களுக்கும் நாலு வார்த்தை உண்டு. எழுத்தாளருக்குக் கொலை மிரட்டல் விட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் ரசிகர்கள் என்ற பெயருக்கே லாயக்கில்லாதவர்கள். 1941-ல் சைமனுக்கும் கிர்பிக்கும் வந்த மிரட்டலுக்கும் இதற்கும் நான் ஒரு வித்தியாசமும் காணவில்லை. நாஜி எதிர்ப்பின் பெயரில் மிரட்டினாலும் மிரட்டல் மிரட்டல்தான். இதழை நெருப்பில் போட்டு வீடியோ எடுத்தவர்களைப் பற்றி ஒரே கேள்வி: எரிக்க ஓர் இதழ் வாங்கினீர்களே, அந்தக் காசு யாருக்குப் போனது?

ஆனால் மிரட்டியவர்கள் சிலர். அந்தச் சிலரைக் காட்டியே, மரியாதையாக எழுதிய ஆயிரக்கணக்கானவர்களையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்களே, அது சாமர்த்தியம். என் தாத்தா ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர் என்று எழுதியவரும் “வெறிபிடித்த ரசிகர்” கணக்கில் போய்விட்டார்.

ரசிகர்களிடம் எனக்கு உண்மையான குறை வேறு. திட்டிக்கொண்டே வாங்குவது. வரிசை அறுந்துவிடக் கூடாது, 14-ம் இதழ் இருந்து 15 இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஒரு வியாதி. கிராஸ்ஓவர் என்ற வியாபாரமே இந்த வியாதியை நம்பி நடக்கிறது. பேரேட்டில் சந்தோஷமாக வந்த 4 டாலருக்கும் சபித்துக்கொண்டே வந்த 4 டாலருக்கும் தனித்தனிப் பத்தி கிடையாது. இதை நான் எத்தனை வருடம் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. வாசகன் எதிர்த்துப் பேசுவான் என்பது மார்வலுக்குப் புதிதா? பேசக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு இதழின் பின்பக்கத்திலும் வாசகர் கடிதம். கேப்டன் அமெரிக்காவில் அந்தப் பகுதிக்குத் தனிப் பெயரே உண்டு. திட்டி வந்த கடிதத்தையும் போடுவார்கள், ஆசிரியர் கிண்டலாகப் பதில் எழுதுவார். கதையில் தப்புக் கண்டுபிடித்துச் சமாதானமும் சொல்லும் வாசகனுக்கு ஸ்டான் லீ ஒரு பரிசு அனுப்புவார்: வெறும் உறை, உள்ளே ஒன்றும் இருக்காது. அதை வாங்கியவர்கள் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். வாசகனைப் பங்காளி என்று தோளில் கைபோட்டு அழைத்து வளர்ந்த கம்பெனி அது. அதே 2017 மார்ச்சில், பலதரப்பட்ட ஹீரோக்களும் பெண் ஹீரோக்களும் வாசகர்களுக்கு வேண்டாமாம், கடைக்காரர்கள் சொல்கிறார்கள் என்று அங்கே விற்பனையைக் கவனிக்கும் உயர் அதிகாரி ஒருவர் பேட்டி கொடுத்து, பிறகு மழுப்பினார். அந்த வாசகன் குரல் மட்டும் உடனே காதில் விழுந்தது. ஹைட்ரா வேண்டாம் என்றவனுக்குப் பொறுமை உபதேசம்.

தாக்கம் நிலைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் டா-நெஹிசி கோட்ஸ் கேப்டன் அமெரிக்காவை எழுத வந்தபோது, தன் முகத்தைக் கண்டாலே ஜனங்கள் சந்தேகப்படும் ஒரு கேப்டனிலிருந்துதான் ஆரம்பித்தார். ‘எல்லாம் சரியாத்தானே முடியுது’ என்ற நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். சரியாக முடியவில்லை என்பதைப் பின்னால் வந்த எழுத்தாளரே கதையாக்க வேண்டியிருந்தது.

பத்தாவது இதழ் கடைக்கு வந்தது 2017 ஆகஸ்ட் 30, புதன்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பு, 28-ம் தேதி, ஜாக் கிர்பியின் நூற்றாண்டுப் பிறந்தநாள். அந்த மாதம் கிர்பி வரைந்த பழைய கதைகளை மார்வல் ஒரு டாலர் விலையில் மறுபதிப்புப் போட்டுக் கௌரவித்தது. பக்கத்திலேயே அவருடைய பிள்ளை ஹைட்ரா உடுப்பில் நிற்கும் தொடரின் கடைசி இதழ். திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். யாருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

‘சீக்ரெட் எம்பயர்’ என்ற பெயரே இரவல் என்பது நண்பருக்குத் தெரியாது. 1974-ல் ஸ்டீவ் எங்கில்ஹார்ட் எழுதி, சால் புசீமா வரைந்த கேப்டன் அமெரிக்கா கதையின் பெயர் அது. வாட்டர்கேட் நாட்கள். நாட்டைப் பிடிக்கச் சதி செய்யும் ரகசியக் கூட்டத்தின் தலைவனைக் கேப்டன் வெள்ளை மாளிகைக்குள்ளேயே துரத்திப் பிடித்து முகமூடியைக் கழற்றுகிறார். முகத்தை நமக்குக் காட்டவில்லை. பெரிய பதவியில் இருப்பவர் என்று மட்டும் தெரிகிறது. அவர் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறார். மனசில் வைத்திருந்தது நிக்சனைத்தான் என்று எங்கில்ஹார்ட் பிறகு சொன்னார். அந்த இதழின் அட்டையில் இருந்த தேதி ஜூலை. நிக்சன் பதவி விலகியது ஆகஸ்டில். மனம் உடைந்த ஸ்டீவ் ராஜர்ஸ் கேப்டன் உடுப்பையே கழற்றிவைத்துவிட்டு, நோமாட் என்று வேறு பெயரில் கொஞ்ச நாள் திரிகிறார். கியூப் கிடையாது, டபுள் ஆக்டிங் கிடையாது. துரோகம் செய்தது அரசாங்கம், அதைச் சுமந்தது ஹீரோ. படிக்கிற அமெரிக்கனும் அதே வருடம் அதே பாரத்தைத்தான் சுமந்துகொண்டிருந்தான்.

169-லிருந்து 176 வரை எட்டு இதழ்கள், தொகுப்பாகவும் வந்திருக்கிறது. பழைய காலத்து வண்ணம், வசனம் கொஞ்சம் அதிகம், சண்டைக் காட்சிகளில் ஆள் மாற்றி ஆள் பேசிக்கொண்டே அடிப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் ஒரே நாளில் படித்துவிடலாம்.